எல்.ஈ.டி. விளக்குப் பூட்டுமுன் சூட்டுத் தகட்டைத் துப்புரவு செய்தல்

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் கமக்காரர் இராக்காலத்தில் விளக்கெரிப்பது புதிய வழக்கமன்று. படுவான்கரை வட்டைகளில் வாடி கட்டிக் காவலிருப்போரும், எழுவான்கரைத் தோட்டங்களில் அதிகாலை இருளில் மரக்கறி பறித்துச் சந்தைக்கு அனுப்புவோரும் முன்னர் அரிக்கன் லாந்தரையும் பெற்றோமாக்சையும் நம்பியிருந்தனர். இன்று அவ்விடங்களிலெல்லாம் 12 வோல்ற்றுப் பற்றரியில் எரியும் எல்.ஈ.டி. விளக்குகள் வந்துவிட்டன. பூச்சிகளைக் கவரும் ஒளிப்பொறிகளிலும் இவ்விளக்கே பொருத்தப்படுகின்றது. மண்ணெண்ணெய்ச் செலவில்லை, காற்றுக்கு அணைவதில்லை, சிறிய சூரியத் தகடொன்றிருந்தால் பகலிற் பற்றரியை நிரப்பி இரவில் எரிக்கலாம்.

எனினும், இவ்விளக்குகள் பல ஆண்டுகள் உழைக்குமென்று கேள்வியுற்று வாங்கியவர்கள், ஒரு போகம் முடியுமுன்னரே அவை மங்கிப்போவதையும், விட்டு விட்டு எரிவதையும், முற்றாக அவிந்துபோவதையும் கண்டு மனஞ் சலிக்கின்றனர். குற்றம் சாமானில் என்று கடைக்காரரை ஏசுவோரும் உண்டு. சிலவேளை அது மெய்யே. ஆயினும், உதிரிப் பாகங்களை வாங்கித் தாமே பூட்டிய விளக்குகளிற் பெரும்பாலும் குற்றம் வேறோரிடத்தில் இருக்கும். விளக்கையும் அதன் முதுகிலுள்ள அலுமினியத் தகட்டையும் பொருத்தும் முகம் துப்புரவாக்கப்படாமையே அது. கால் மணி நேர வேலையைச் செய்யாது விட்டமையால் விளக்கு கெடுகின்றது. அவ்வேலையைச் செய்யும் முறையை இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

விளக்கின் சூடு எங்கே போகின்றது?

பழைய இழை பல்பைத் தொட்டவர் அதன் சூட்டை அறிவர். அச்சூட்டின் பெரும்பகுதி ஒளியோடு சேர்ந்து முன்புறமாகக் கதிராக வெளியேறிவிடும். பெற்றோமாக்சின் சூடோ மேலே எழுந்து போய்விடும். எல்.ஈ.டி. விளக்கின் இயல்பு வேறு. அதன் ஒளி குளிர்ந்த ஒளி. ஆனால், அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே ஒளியாகின்றது. எஞ்சிய பங்கு சூடாகி, அந்த மஞ்சள் முகமுள்ள சிறிய ஒளித்தட்டின் உள்ளேயே தங்கிவிடுகின்றது. முன்புறமாக வெளியேற அதற்கு வழியில்லை. முதுகுப்புறமாக, உலோகத்தின் வழியேதான் அது இறங்கிப்போக வேண்டும். இதற்காகவே ஒளித்தட்டின் பின்னால் செட்டைகளோடு கூடிய அலுமினியத் தகடொன்று பூட்டப்படுகின்றது. கடைகளில் இதனை ‘ஹீற்சிங்க்’ என்பர். இங்கு இதனைச் சூட்டுத் தகடு என்போம்.

உன்னிச்சைக் குளத்து நீர் வயலுக்கு வருவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். குளத்தில் நீர் நிறைந்திருக்கலாம். வயலும் காய்ந்து காத்திருக்கலாம். இடையில் வாய்க்காலின் ஓரிடத்தில் ஒரு முழ நீளத்துக்கு மண் சரிந்து அடைத்துக்கொண்டால் வயலுக்கு நீரில்லை, மேற்புறத்தில் வரம்பும் உடையும். ஒளித்தட்டும் சூட்டுத் தகடும் சந்திக்கும் முகமே விளக்கின் வாய்க்கால். அங்கே அழுக்கோ, காய்ந்த பழம் பசையோ, வண்ணப்பூச்சோ, காற்றோ இடையிற் புகுந்தால், சூடு மேற்புறத்தில் ஒளித்தட்டிலேயே தேங்கி நிற்கும்.

இவற்றுட் காற்றே மிகப் பொல்லாதது. கண்ணுக்குச் சமமாகத் தோன்றும் இரண்டு உலோக முகங்களை ஒன்றோடொன்று வைத்தாலும் அவை முற்றாகத் தொடுவதில்லை. மட்டஞ் செய்யாத வயலில் நீர் பள்ளத்தில் மட்டும் நிற்பதுபோல, அவை மேட்டில் மட்டும் தொடும். பள்ளங்களிற் காற்று நிற்கும். அலுமினியத்தோடு ஒப்பிடுகையில், காற்றுச் சூட்டைக் கடத்தும் வலி பல்லாயிரத்தில் ஒரு பங்கே.

கணக்கிட்டே பார்க்கலாம். 10 வாற்று ஒளித்தட்டொன்று ஏறத்தாழ 7 வாற்றைச் சூடாக்கும். அதன் முதுகு 20 மில்லிமீற்றர் நீளமும் 20 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட சதுரமென்று கொள்வோம். அதற்கும் தகட்டுக்கும் இடையே 0.1 மில்லிமீற்றர் அளவு, அதாவது அப்பியாசக் கொப்பியின் ஒரு தாளின் தடிப்பு அளவு, காற்று மட்டும் நின்றால், அத்துணைச் சூட்டை மறுபுறம் தள்ளுவதற்கு ஒளித்தட்டின் முதுகு தகட்டைவிட ஏறத்தாழ 67 பாகை கூடுதலாகக் கொதிக்க வேண்டும். தகடு 50 பாகையில் இருந்தால் ஒளித்தட்டு 117 பாகை. அதே இடைவெளியைச் சாதாரண வெப்பப் பசை நிரப்பினால் வேறுபாடு 2 பாகைக்கும் குறைவு. மெய்யாக முகம் முழுவதும் காற்றாக இருப்பதில்லை. சில இடங்கள் தொடவே செய்யும். ஆதலின் நிலைமை 67 பாகை அளவுக்கு மோசமாகாது. எனினும், ஒரு தாளின் தடிப்பு எத்துணைக் கேடு செய்யக்கூடும் என்பதை இக்கணக்குக் காட்டும்.

ஆகையால் விளக்கைத் தொட்டுப் பார்க்கும்போது பலர் தலைகீழாகத் தீர்ப்புச் சொல்லிவிடுகின்றனர். அரைமணி நேரம் எரிந்தபின் செட்டைகள் நன்றாகச் சுட்டால் “விளக்குக் கொதிக்கிறது, கூடாது” என்கின்றனர். குளிர்ந்திருந்தால் நல்ல விளக்கென்று மகிழ்கின்றனர். செட்டைகள் சுடுவது சூடு இறங்கி வருகின்றதென்பதற்கு அடையாளம். கையைச் சில விநாடி வைத்திருக்கக்கூடிய சூடு நல்ல சூடே. செட்டைகள் குளிர்ந்திருக்க, ஒளி மட்டும் வரவர மங்கினால், பொருத்துமுகத்தையே ஐயுறுதல் வேண்டும்.

வாவிக்கரையில் வந்து சேரும் தனித் தொல்லைகள்

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி உவர்நீர் வாவியாதலின், அதன் கரையிலும் கடற்கரையிலும் வீசும் காற்றில் உப்பு உண்டு. அலுமினியத்தின்மேல் இயல்பாகவே மிக மெல்லிய காவற் படையொன்று உண்டாகும். அது தீங்கற்றது, கண்ணுக்கும் புலனாகாது. ஆனால், உப்பும் ஈரமும் சேர்ந்தால் அப்படை ஆங்காங்கே துளைபட்டு, வெண்பொடி பூத்து, உலோகத்திற் சிறு குழிகள் விழும். களுதாவளை, கல்லாறு போன்ற கடற்கரையூர்களில் ஓராண்டு வெளியிலே தொங்கிய தகட்டைக் கழற்றிப் பார்ப்பவர் இதனைக் காண்பர். இப்பொடியின்மேல் புதிய விளக்கைப் பூட்டுவது சேற்றின்மேல் தூண் நிறுத்துவதை ஒக்கும்.

படுவான்கரையில் உப்புக் குறைவு. அங்கே தூசி மிகுதி. கச்சான் காற்று வீசும் மாதங்களிற் புழுதியும், சூடடிக்குங்கால் பதரும் சுணையும் செட்டைகளின் இடையே அடையும். ஒளிப்பொறியிலோ பூச்சிகளின் சிறகுத்தூள் பிசின்போல் ஒட்டும். இவை போதாவென்று, செட்டைகளின் இடுக்கைக் கண்ட குளவி அங்கே மண்கூடு கட்டிவிடும். பொருத்துமுகம் எத்துணைத் துப்புரவாயிருப்பினும், செட்டைகளிற் காற்றுப் புகாவிட்டால் சூடு போக இடமில்லை. ஆதலின் முகத்தைத் துப்புரவாக்கும்போதே செட்டைகளையும் தூரிகையிட்டுக் கழுவிவிடுக.

துப்புரவு செய்யும் முறை

வேண்டிய பொருள்கள் சில்லறையானவை. சவர்க்காரம், நல்ல தண்ணீர், பழைய பற்தூரிகை, மூங்கிற் சீவல், பஞ்சு போகாத வெள்ளைப் பருத்தித் துணி, 400 எண்ணுடைய நீர் அரத்தாள், யன்னற் கண்ணாடித் துண்டொன்று, ஐசோபுரோப்பைல் மதுசாரம், வெப்பப் பசை என்பனவே அவை. மருந்து தெளித்த கையோடும் மருந்துப் போத்தலிற் கொண்டுவந்த நீரோடும் இவ்வேலையிற் புகக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றுக. வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. அதிலே எரியும் விளக்காயின் பிரதான ஆளியை நிறுத்தாது தொடக்கூடாது. பயிற்சியில்லாதவர் அவ்வேலையை மின்வினைஞரிடம் ஒப்படைப்பதே நன்று. வயலுக்குள் 230 வோல்ற்றை இழுத்து ஒளிப்பொறி வைப்பதோ எவ்வகையாலும் ஆகாது. ஈர மண்ணில் அது உயிர்ச்சேதத்தை விளைவிக்கும்.

விளக்கு ஆறியபின் திருகாணிகளைக் கழற்றி ஒளித்தட்டை மெல்லப் பெயர்த்தெடுக்க வேண்டும். பழம் பசை ஒட்டிப் பிடித்திருந்தால் நெம்பாது, பக்கவாட்டில் மெதுவாக அசைத்தால் விட்டுவிடும். ஒளித்தட்டின் மஞ்சள் முகத்தில் விரலூன்றவே கூடாது. அம்மஞ்சட் படை மிருதுவானது, அதன் கீழே மயிரினும் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன, அழுத்தினால் அறுந்துவிடும். ஓரங்களிற் பிடித்துத் துணியொன்றின்மேல் ஒருபுறமாக வைத்துவிடுக.

தகட்டிலும் ஒளித்தட்டின் முதுகிலும் உள்ள பழம் பசையை மூங்கிற் சீவலால் வழித்தெடுக்க வேண்டும். கத்தி கீறல் விழுத்தும். வழித்தபின், தகட்டை மட்டும் சவர்க்கார நீரிலே தூரிகையிட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் இருமுறை அலசுக. அலசும் நீர் உப்புக் கிணற்று நீராயிருந்தால் உழைப்பு வீண். போக்கிய உப்பை மீண்டும் பூசியதாகும். பின்னர் தகட்டை ஒரு மணி நேரம் வெயிலிற் காயவிடுதல் வேண்டும். ஒளித்தட்டை நீரில் இடக்கூடாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பித்தளைக் குத்துவிளக்கையும் செம்பையும் புளியாலும் சாம்பலாலும் துலக்கிப் பழகிய கை, அலுமினியத்துக்கும் அதையே நாடும். அது தவறு. சாம்பற் காரமும், வெற்றிலைக்கிடும் சுண்ணாம்பும் அலுமினியத்தை அரித்துவிடும். புளியும் தேசிக்காயும் பளபளப்பைத் தரும்; ஆயின் அவற்றின் பசைத்தன்மை நுண்குழிகளிலே தங்கிவிடும். இரும்புப் பஞ்சும் வேண்டாம். அதன் துகள் தகட்டிலே பதிந்து துருப்பிடிக்கும், மின்கம்பிகளின் இடையே விழுந்தாற் பொறி கிளப்பும்.

காய்ந்த தகட்டின் முகத்தில் வெண்பொடியோ குழியோ வண்ணப்பூச்சோ இருந்தால் அரத்தாள் வேண்டும். தாளைக் கையிலே மடித்துத் தேய்த்தால் முகம் நடுவிலே குழிந்துபோம். கண்ணாடித் துண்டை மேசைமேல் வைத்து, அதன்மேல் அரத்தாளை விரித்துச் சிறிது நீர் தெளித்து, தகட்டின் முகத்தைக் கீழாக வைத்து வட்டமாகத் தேய்த்தல் வேண்டும். கண்ணாடி சமமாதலின் தகடும் சமமாகும். முகமெங்கும் ஒரே சாம்பல் நிறம் வந்தவுடன் நிறுத்திக்கொள்க. கண்ணாடிபோற் பளபளக்க வேண்டியதில்லை. கறுப்பாகவோ வேறு நிறமாகவோ சாயமேற்றிய நல்ல தகடாயின், அச்சாயம் உலோகத்தோடு ஒன்றிய மெல்லிய படையாதலின் அதனைத் தேய்த்துப் போக்க வேண்டியதில்லை.

புதிதாகத் துளையிட்ட தகடென்றால் துளையின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். துளைகருவி மறுபுறம் வருகையில் உலோகம் சற்றே புடைத்து நிற்கும். இப்புடைப்பு ஒளித்தட்டை ஒருபுறம் தூக்கிவிடுவதால், எத்துணைப் பசை பூசினும் முகங்கள் சேரமாட்டா. தாமே விளக்குப் பூட்டுவோர் பெரும்பாலும் தவறவிடுவது இதனையே. துளையினும் பெரிய துளைமுனையொன்றைக் கையாற் பிடித்து இரண்டு சுற்றுச் சுற்றினால் புடைப்பு நீங்கும். பின்னர் இரும்பு அடிமட்டத்தின் விளிம்பைத் தகட்டின்மேல் நிறுத்தி வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க; கீழே ஒளிக்கீற்றுத் தெரியாவிட்டால் முகம் சமம்.

இறுதியாக வெள்ளைத் துணியை மதுசாரத்தில் நனைத்து, தகட்டின் முகத்தையும் ஒளித்தட்டின் முதுகையும் ஒரே திசையில் துடைக்க வேண்டும். அரத்தாளிட்ட தகட்டில் முதற் சில துணிகள் கறுத்துப்போம். துணி வெள்ளையாகவே மீளும்வரை துடைத்தல் வேண்டும். ஐசோபுரோப்பைல் மதுசாரம் கிடையாதவிடத்து மருந்துக் கடையில் விற்கும் ஸ்பிரிற்றைப் பயன்படுத்தலாம். ஆனால், அதில் ஒரு துளியைக் கண்ணாடியில் விட்டு உலரவிட்டுப் பாருங்கள். கறையோ எண்ணெய்ப் படலமோ எஞ்சினால் அது உதவாது. 2020ஆம் ஆண்டு தொற்றுக் காலத்தில் வாங்கி வைத்த கைத் தொற்றுநீக்கிக் களிம்பில் கிளிசரின் போன்றவை கலந்திருப்பதால் அதுவும் ஆகாது. சாராயத்தாற் துடைக்கலாமோ என்று வினவுவோர்க்கு, அதில் பாதிக்கு மேல் நீரே உள்ளது, நிறமும் உண்டு என்பது விடை. மண்ணெண்ணெய் பழம் பசையைக் கரைக்கும். எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச்செல்லும். மதுசாரமும் ஸ்பிரிற்றும் எளிதில் தீப்பற்றுபவையாதலின், அருகில் அடுப்போ சுருட்டோ இருத்தல் கூடாது.

துப்புரவாயிற்றா என்பதை அறிய எளிய சோதனையொன்றுண்டு. தகட்டின் முகத்தில் ஒரு துளி நல்ல தண்ணீர் விடுக. சேம்பிலையில் நீர்போற் உருண்டு நின்றால் எண்ணெய் இன்னும் உண்டு. பரந்து மெல்லிய படலமாகப் படிந்தால் முகம் சுத்தம். நீரைத் துடைத்து, மதுசாரத்தால் மீண்டும் ஒருமுறை துடைத்துக் காயவிடுக. அதன்பின் விரல் படலாகாது. விரலில் எண்ணெயும் வியர்வையுப்பும் எப்போதும் உண்டு.

பூட்டுதல்

துப்புரவாக்கிய முகத்தை நாளைக்கென்று வைத்துவிடாது, அதே இருப்பிற் பூட்டிவிடுவது முறை. 20 மில்லிமீற்றர் சதுர ஒளித்தட்டுக்கு ஒரு பெரிய நெல்மணி அளவு பசை போதும். அதனை நடுவில் வைத்து, ஒளித்தட்டை மேலே இருத்தி, ஓரங்களில் அழுத்திச் சற்றே இடமும் வலமும் அசைத்தால் பசை தானே பரவும். பசையின் வேலை பள்ளங்களை நிரப்புவதே. அதுவும் அலுமினியத்தோடு ஒப்பிட மிக மெதுவாகவே சூட்டைக் கடத்துமாதலின், கூடுதலாகப் பூசினால் கூடுதல் நன்மை என்று எண்ணற்க. பற்பசையைப் பூசும் வழக்கமொன்று சில இடங்களிற் பரவியிருக்கின்றது. முதல் நாள் அது நன்றாகவே வேலை செய்யும்; சில நாளில் நீர் வற்றி வெடித்துப் பொடியாகிக் காற்றுக்கு இடங்கொடுக்கும்.

திருகாணிகளில் ஒன்றை முற்றாக இறுக்கிவிட்டு மற்றதற்குப் போதல் தவறு. ஒளித்தட்டு ஒருபுறம் எழும்பும், சிலவேளை வெடிக்கும். எதிரெதிர் மூலைகளை மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்குக. ஆணியின் புரியிற் சிறிது கிறீசு தடவினால் உப்புக் காற்றில் அது அலுமினியத்தோடு இறுகிப்போகாது. செட்டைகள் நிலைக்குத்தாக நிற்கும்படி விளக்கைத் தொங்கவிட்டால் சூடான காற்று மேலெழும்ப இலகுவாகும். மின்கம்பி எதுவும் தகட்டைத் தொடாதிருப்பதையும் பாருங்கள். ஒளித்தட்டைப் பற்றரியோடு நேரே இணைத்தலும் கூடாது. சூடேற ஏற அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும். ஆதலின் ‘ட்ரைவர்’ எனப்படும் மின்னோட்டக் கட்டுப்படுத்தி இடையில் வேண்டும்.

எப்போது செய்வது?

பெரும்போக விதைப்புக்கு முன், ஆவணி புரட்டாதியில், பற்றரியைச் சோதிக்கும் வேளையில் இதனையும் முடித்துவிடுதல் பொருத்தமானது. மாரிமழை தொடங்கியபின் தகடு காய வெயில் கிடைக்காது. அன்றியும், விளக்குத் தேவைப்படும் காலம் பின்னரே வருகின்றது. மார்கழி, தை மாதங்களில் கபிலநிறத் தத்தியும் தண்டு துளைப்பான் அந்துப்பூச்சியும் வயலில் இறங்கியதா என்பதைக் காட்டுவது ஒளிப்பொறி. அந்தி முதல் மூன்று மணி நேரம் எரித்து, விழுந்த பூச்சிகளை மறுநாட் காலையில் எண்ணிப் பார்ப்பவன், எண்ணிக்கை ஏறுவதைக் கண்டு வயலுக்குள் இறங்கித் தூரடியைச் சோதிப்பான். விளக்கு மங்கியிருந்தால் பூச்சி குறைவாக விழும். பூச்சி குறைவென்று அவன் வாளாவிருப்பான். அவிந்த விளக்கு ஏமாற்றுவதில்லை. மங்கிய விளக்கே ஏமாற்றும்.

கதிர் முற்றும் காலத்தில் காவல் விளக்கின் நிலையும் அதுவே. வெல்லாவெளி, வவுணதீவு, பட்டிப்பளைப் பக்கத்து வட்டைகளில் யானை வருவது யாவரும் அறிந்தது. விளக்கைக் கண்டு யானை ஓடிவிடும் என்று நம்புதல் பேதைமை. அது எங்கே நிற்கின்றது, தனியனா கூட்டமா என்பதைப் பரணிலிருப்பவன் அறிவதற்கே வெளிச்சம். நள்ளிரவில், நான்கு மணி நேரம் எரிந்து கொதித்த ஒளித்தட்டு மங்கத் தொடங்கும் வேளையிலேயே அவனுக்கு அது அதிகம் வேண்டியிருக்கும்.

பூட்டி ஒரு மாதமானபின் திருகாணிகளை ஒருமுறை சோதித்து, தளர்ந்திருந்தால் மெல்ல இறுக்கிவிடுக. பசை பரந்து மெலிவதால் முதல் மாதத்திற் சிறிது தளர்வதுண்டு. வாவியோரத்தார் ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்தல் நன்று. உள்நாட்டார் இரண்டு ஆண்டுக்கொருமுறை பார்த்தாற் போதும். முன்னரே கொதித்து மங்கிய ஒளித்தட்டு, முகத்தைத் துப்புரவாக்கியதால் பழைய ஒளியைப் பெறாது. மேலும் மங்காமல் மட்டுமே அதனைக் காக்கலாம். புதியது வாங்க நேர்ந்தால் ஒளித்தட்டை மட்டும் வாங்குக. குழி ஆழமாக விழாத பழைய சூட்டுத் தகடு, அரத்தாளிட்டுத் துடைத்தபின், இன்னும் பல விளக்குகளுக்கு உதவும்.